பிதாப்பிதா திக்கோன்

விசுவாசத்திற்காக உயிர் ஈந்த அடியார்களின் சரிதங்களை நாம் இளமை முதலே கேட்டு வளர்ந்துள்ளோம். சிங்கத்தின் வாய்ப்பட்டோரும், தீயில் வெந்தோரும், வாளுக்கு இரையானோரும் நம் ஓய்வுநாட் பள்ளிப் பாடங்களில் நிறைந்திருந்தனர். அவர்களை வருத்திய உரோமப் பேரரசு மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. ஆதலின் வேதகலாபனை என்பது பழங்கதை என்றே நம்மிற் பலர் எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணம் பொருந்தாது. அச்சுக்கூடமும் நீதிமன்றமும் இரகசியப் போலீசும் உடைய புதுக்கால அரசுகள், நீரோ மன்னனும் அறியாத முறைகளால் திருச்சபையை ஒடுக்க முயன்றதை இருபதாம் நூற்றாண்டின் சரித்திரம் காட்டுகின்றது. அவற்றுள் முன் நிற்பது ருஷியாவில் 1917-ஆம் ஆண்டில் எழுந்த போல்ஷெவிக்கு அரசாகும். அதன் முதல் எட்டாண்டுகளில் அந்நாட்டுத் திருச்சபையின் தலைவராய் நின்றவரே திக்கோன் என்னும் பெரியார். கீழைத் திருச்சபையார் தம் தலைமை அத்தியட்சரைப் பிதாப்பிதா என்று அழைப்பர். அப்பெயரே இவர்க்கு வழங்குவதாயிற்று.

இவர் வாளால் மடிந்தவர் அல்லர். மருத்துவச்சாலைப் படுக்கையில் உயிர் நீத்தவர். அன்றியும், தம்மைச் சிறைசெய்த அரசின் முன்னர்த் தம் பிழையை ஒப்புக்கொள்வதாக ஓர் அறிக்கையில் கையொப்பமும் இட்டவர். அங்ஙனமாயின் இவரை விசுவாச வீரர் வரிசையில் வைத்தல் தகுமோ? எம் விடுதித் தோழரிடையே இவர் சரிதத்தைப் பேசியபொழுது இவ்வினாவே எழுந்து, இருவேறு கட்சியாக எம்மைப் பிரித்தது. அதற்கு விடை காணும் பொருட்டே இச்சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். ருஷியர் அந்நாளில் வேறொரு பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டிருந்தனராயினும், நாட்களை எல்லாம் நாம் வழங்கும் முறைப்படியே குறித்துள்ளோம்.

இளமையும் கல்வியும்

திக்கோன் என்பது துறவறம் பூண்டபொழுது பெற்ற பெயர். பெற்றோர் இட்ட பெயர் வசீலி பெல்லாவின் என்பது. அவர் 1865-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள், வட ருஷியாவில் பிஸ்கோவ் மாகாணத்தைச் சார்ந்த கிராமம் ஒன்றில், ஒரு குருவானவரின் மகனாய்த் தோன்றினார். நாட்டுப்புறத்துக் குருக்களின் குடும்பங்கள் அக்காலத்தில் செல்வத்தில் மிக்கன அல்ல. உழவரோடு உழவராய் வாழ்ந்து, அவர் பிறப்பிலும் இறப்பிலும் உடன் நின்று, அவர் அளிப்பதைக் கொண்டு வாழ்வன. எளிய மக்களின் நெஞ்சத்தை அறியும் திறம் வசீலிக்கு அவ்வில்லத்திலேயே வாய்த்தது போலும்.

பிஸ்கோவ் நகரத்துக் குருமடத்தில் பயின்ற பின்னர், 1884-ஆம் ஆண்டில் தலைநகரமாகிய பீட்டர்ஸ்பர்க்கின் வேதசாஸ்திரக் கலாசாலையில் அவர் சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது பத்தொன்பது; இதனை எழுதும் எமக்கும் அவ்வயதே. உடன் பயின்றோர் அவரது அமைதியையும் நகைமுகத்தையும் கண்டு, பிதாப்பிதா என்று விளையாட்டாக அழைப்பாராயினர். அந்நாளில் அது வெறும் கேலிப் பெயரே. ஏனெனில், ருஷியத் திருச்சபைக்குப் பிதாப்பிதா ஒருவர் இருந்த காலம் போய் இருநூறாண்டு நெருங்கியிருந்தது. 1700-ஆம் ஆண்டில் இறந்த அதிரியானுக்குப் பின் வேறொருவர் அப்பீடத்தில் ஏறப் பேதுரு சக்கரவர்த்தி இடங்கொடுத்திலர். 1721-இல் அப்பதவியையே ஒழித்து, தாம் நியமித்த சங்கம் ஒன்றன் கீழ்த் திருச்சபையை வைத்தார். நாளடைவில் சக்கரவர்த்தியின் அலுவலர் ஒருவரே அச்சங்கத்தை நடத்துபவர் ஆயினர். பாவ அறிக்கையிற் கேட்ட அரச துரோகத்தைக் குருமார் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விதியும் பேதுரு காலத்திற் பிறந்ததே.

இதனை யாம் ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. திருச்சபையைத் தன் கைக்குள் அடக்கும் வழக்கத்தை ருஷிய நாட்டில் முதற்கண் தொடங்கியது நாத்திக அரசன்று. சிலுவைக் குறியிடும் கிறிஸ்தவ அரசே. அவ்வரசின் நிழலில் இருந்த திருச்சபை, பழைய வழிபாட்டு முறையை விடாதார் மீதும் பிற சபையார் மீதும் அரசின் தண்டம் விழக் கண்டு வாளாவிருந்ததும் உண்டு. பின்னாளில் வந்த துன்பத்தைப் பேசும்பொழுது இவ்வுண்மையை மறைத்தல் நேர்மையாகாது.

கடல் கடந்த தொண்டு

பிஸ்கோவ் குருமடத்தில் ஆசிரியராய் அமர்ந்த வசீலி, 1891-இல் துறவறம் பூண்டு திக்கோன் ஆனார். 1897-இல், முப்பத்திரண்டாம் வயதில், அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆண்டே, அலாஸ்கா முதலாகிய அமெரிக்க நாட்டுச் சபைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பனி உறைந்த அந்நிலத்தில் அலூத்தர் முதலிய பழங்குடியினரின் ஊர்களை நாடி அவர் யாத்திரை செய்தார். கிழக்கிலோ, ஐரோப்பாவினின்றும் பிழைப்பை நாடி வந்த சுரங்கத் தொழிலாளரும், செர்பியரும், சிரியரும், கிரேக்கரும் அவரது மந்தையாயினர். சிரிய மக்களுக்கு அவர்தம் இனத்தவராகிய இரபேல் என்பாரையே 1904-இல் அத்தியட்சராக அபிஷேகம் செய்வித்தார். தம் இருக்கையை 1905-இல் சான் பிரான்சிஸ்கோவினின்றும் நியூயார்க்கு நகரத்திற்கு மாற்றினார். வழிபாட்டு நூல் ஆங்கிலத்தில் ஆக்கப்பெறுதற்கும் ஊக்கமளித்தார்.

அமெரிக்க வாழ்வில் அவர் கண்ட புதுமை ஒன்றுண்டு. அந்நாட்டு அரசு எந்தச் சபைக்கும் பொருள் கொடுப்பதுமில்லை. எந்தச் சபையின் காரியத்தில் தலையிடுவதுமில்லை. கோயிலைக் கட்டுவோரும் குருவானவர்க்குச் சம்பளம் கொடுப்போரும் சபையாரே. ஆதலின் அவர்களைக் கலந்தே எதனையும் செய்தல் வேண்டும். குருமாரும் சபையாரும் ஒருங்கு கூடும் சங்கம் ஒன்றை 1907-இல் பென்சில்வேனியாவில் அவர் கூட்டினார். அரசின் கைத்தாங்கல் இன்றியும் திருச்சபை நிற்கும் என்பதைத் தம் கண்ணாற் கண்டு, அவ்வாண்டிலேயே அவர் தாய்நாடு திரும்பினார்.

திருவுளச் சீட்டு

யாரோஸ்லாவிலும் பின்னர் வில்னாவிலும் பேரத்தியட்சராய்ப் பணியாற்றிய திக்கோனை, 1917-ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரத்துக் குருமாரும் சபையாரும் தமக்குத் தலைவராய்த் தேர்ந்தெடுத்தனர். சக்கரவர்த்தி முடி துறந்து சில திங்களே கழிந்திருந்தன. அரசின் பிடி தளர்ந்ததனால், ருஷியத் திருச்சபையின் பெருஞ்சங்கம் ஆகஸ்டு 28-ஆம் நாள் மாஸ்கோவிற் கூடியது. உறுப்பினர் 500-க்கு மேற்பட்டனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் குருப்பட்டம் பெறாத சபையாரே.

சங்கம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றினர். மாஸ்கோ வீதிகளிற் போர் மூண்டது. கிரெம்ளின் கோட்டையின் மேல் குண்டுகள் விழுந்தன. அவ்வோசையின் நடுவே, பிதாப்பிதாவின் பீடத்தை மீண்டும் நிறுவுவது எனச் சங்கத்தார் தீர்மானித்தனர். மூவர் பெயர்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. கார்க்கோவ் நகரத்து அந்தோணி முதலாவதாகவும், நோவ்கோரோது நகரத்து அர்சேனி இரண்டாவதாகவும் நின்றனர். திக்கோன் மூன்றாவதாகவே வந்தார். அறிவில் முதல்வர் அந்தோணி, கண்டிப்பில் முதல்வர் அர்சேனி, அன்பில் முதல்வர் திக்கோன் என்று சங்கத்தார் பேசிக்கொண்டனராம்.

இறுதித் தெரிவை மனிதர் செய்யாது ஆண்டவர் திருவுளத்திற்கு விடுவது என்று முடிவு செய்யப்பட்டது. நவம்பர் 18-ஆம் நாள், இரட்சகராகிய கிறிஸ்துவின் பேராலயத்தில், மூன்று பெயர்களும் எழுதிய சீட்டுக்கள் இடப்பட்ட பேழை வைக்கப்பட்டிருந்தது. ஆராதனை முடிந்தபின், அலெக்சி என்னும் முதிய துறவி, திரண்டிருந்த மக்கள் காண ஒரு சீட்டை எடுத்தார். அது திக்கோனின் பெயரைத் தாங்கியிருந்தது. விளையாட்டாய் இட்ட பெயர் மெய்யாயிற்று. ஆயினும் அவர் மகிழ்ந்திலர். எசேக்கியேல் தீர்க்கதரிசி உண்ட சுருளில் எழுதியிருந்த புலம்பலும் தவிப்பும் தம் பங்காகும் என்பதனை உணர்ந்தே அப்பதவியை ஏற்றார். டிசம்பர் 4-ஆம் நாள் கிரெம்ளின் பேராலயத்தில் அவர் பீடமேறினார்.

சட்டத்தால் வந்த கலாபனை

புதிய அரசு தன் கருத்தை வெளியிடக் காலந்தாழ்த்தவில்லை. 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அரசினின்றும் திருச்சபையையும், திருச்சபையினின்றும் பள்ளியையும் பிரிக்கும் சட்டம் பிறந்தது. பிரித்தல் மட்டுமாயின் திக்கோன் அஞ்சியிருக்கமாட்டார். அமெரிக்காவில் அவர் அறிந்த ஒன்றே அது. இச்சட்டமோ, திருச்சபைக்கு எவ்வகைச் சொத்தும் இருத்தலாகாது என்றும், வழக்காடுதற்கு உரிய தகுதியும் அதற்கு இல்லை என்றும் விதித்தது. கோயிலும், கோயில் மணியும், நற்கருணைப் பாத்திரமும் ஒரே நாளில் அரசின் உடைமையாயின. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் வந்த அரசியலமைப்பு, குருமாரிடமிருந்தும் துறவியரிடமிருந்தும் வாக்குரிமையைப் பறித்தது.

சட்டத்தோடு வன்முறையும் உடன் வந்தது. கீயெவ் நகரத்துப் பேரத்தியட்சரும், திருவுளச் சீட்டில் வந்த பெயரைப் பேராலயத்தில் வாசித்து அறிவித்தவருமாகிய விளாதிமிர், பிப்ரவரித் திங்களிற் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றமற்றோரின் குருதியைச் சிந்துவோர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று திக்கோன் அதற்குச் சில நாள் முன்னரே அறிக்கை விடுத்திருந்தார். சக்கரவர்த்தி கொல்லப்பட்ட செய்தி ஜூலையில் வந்தபொழுது, பிறர் வாய் திறக்க அஞ்சிய மாஸ்கோ நகரில், பிரசங்க பீடத்தில் நின்று அக்கொலையைக் கண்டித்தார். புரட்சியின் முதலாண்டு நிறைவில், ஆட்சியாளர்க்கே நேரிற் கடிதம் வரைந்து, சிறைகளைத் திறக்குமாறும் குருதி சிந்துதலை நிறுத்துமாறும் வேண்டினார்.

ஆயினும் அவர் எந்தப் படையின் பக்கமும் சாய்ந்திலர். உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்தோரும் அவரது ஆசியை நாடினர். அவர் அளிக்க மறுத்தார். 1919-ஆம் ஆண்டில், குருமார் அரசியற் கட்சிகளில் தலையிடலாகாது என்று திருமுகம் விடுத்தார். இரு திறத்து வீரரும் தம் மந்தையின் மக்களே என்பதை அவர் மறந்திலர்.

பஞ்சமும் பாத்திரமும்

1921-ஆம் ஆண்டில் வால்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கொடிய பஞ்சம் தோன்றியது. மழை பொய்த்தது ஒரு காரணம். போரும், உழவரிடமிருந்து தானியத்தை அரசு வலிந்து பறித்ததும் வேறு காரணங்கள். அதனால் இறந்தோர் தொகை ஏறத்தாழ 50 இலட்சம் என்பர். திக்கோன் உடனே உலகத் திருச்சபைகளின் தலைவர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். உரோமைப் போப்பரசருக்கும் காண்டர்பெரி அத்தியட்சருக்கும் அவர் ஓலைகள் சென்றன. நிதி திரட்டுதற்குத் திருச்சபைக் குழு ஒன்றையும் அமைத்தார். அரசோ அக்குழுவைக் கலைத்து, திரண்ட பணத்தைத் தன்னிடம் ஒப்புவிக்கச் செய்தது. பசித்தோர்க்குச் சோறிடும் உரிமையும் திருச்சபைக்கு இல்லை என்பதாயிற்று.

1922-ஆம் ஆண்டு பிப்ரவரியில், வழிபாட்டிற்கு நேரே பயன்படாத அணிகலன்களைப் பஞ்ச நிவாரணத்திற்குத் தரலாம் எனத் திக்கோன் சபைகளுக்கு அனுமதி அளித்தார். சில நாட்களுக்குள், கோயில்களின் விலையுயர்ந்த பொருள்கள் அனைத்தையும் பறிமுதல் செய்ய அரசு ஆணையிட்டது. நற்கருணைக்குரிய பாத்திரங்களைப் பிற காரியத்திற்குக் கொடுத்தலைத் திருச்சபை விதி தடுக்கின்றது என்று அவர் மறுப்புரைத்தார். மார்ச்சு 15-ஆம் நாள் ஷூயா என்னும் நகரத்தில் கோயிலைச் சூழ்ந்து நின்ற மக்கள் மேல் படையினர் சுட்டனர், சிலர் மாண்டனர்.

நான்கு நாள் கழித்து லெனின் தம் கட்சித் தலைவர்களுக்கு இரகசியக் கடிதம் ஒன்று எழுதினார். மக்கள் பசியால் வாடும் இச்சமயமே திருச்சபையை நசுக்குதற்கு ஏற்ற சமயம் என்பதும், குருமாரில் எத்துணைப் பேரைச் சுட இயலுமோ அத்துணை நன்று என்பதும், ஆனால் திக்கோனைத் தொடாதிருத்தலே தக்கது என்பதும் அதன் கருத்து. அக்கடிதம் 1990-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டிற் பகிரங்கமாக அச்சேறியது. அதனைப் படிப்போர்க்கு, பஞ்சம் ஒரு சாக்கே என்பது விளங்கும். பெட்ரோகிராது நகரத்துப் பேரத்தியட்சர் வெனியமின், பொருள்களைத் தாமே மனமுவந்து அளிக்க இசைந்தவர். அவரும் அவ்வாண்டு ஆகஸ்டில் மூவரோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

மே 5-ஆம் நாள் மாஸ்கோ நீதிமன்றத்தில் திக்கோன் சாட்சியாக நிறுத்தப்பட்டார். கூண்டில் நின்ற குருமார் செய்த குற்றம், அவரது திருமுகத்தைச் சபையில் வாசித்ததே. அதனை எழுதியவர் தாமே என்று அவர் தயங்காது உரைத்தார். ஆயினும் அவ்வழக்கில் பதினொருவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, ஐவர் மாண்டனர். அவருக்கோ மரணம் மறுக்கப்பட்டது. இதுவே அவருடைய துன்பத்தின் தலையாய பகுதி என்று யாம் கருதுகின்றோம். தம் சொல்லைக் கேட்டவர் சாகத் தாம் உயிரோடிருத்தல் மேய்ப்பர்க்கு எத்துணைக் கொடிது!

அடுப்பதற்கு ஆளில்லாத தலைவர்

அதன்பின் திக்கோன் மாஸ்கோவின் தோன்ஸ்கோய் மடத்தில் காவலில் வைக்கப்பட்டார். அரசின் துணைபெற்ற குருமார் சிலர் அவரிடம் வந்து, அலுவலகத்தை நடத்தும் பொறுப்பைச் சிறிது காலத்திற்குத் தம்மிடம் விடுமாறு கேட்டுப் பெற்றனர். பெற்றவுடன் தாமே திருச்சபையின் ஆட்சியாளர் எனப் பறை சாற்றினர். இவர்கள் கூட்டம் ஜீவ சபை என்று பெயர் பூண்டது. இதற்குப் பின்னே இரகசியப் போலீசார் இருந்து இயக்கினர் என்பதைப் பிற்காலத்தில் வெளிவந்த ஆவணங்கள் ஐயமற நிறுவுகின்றன. வெளியிலிருந்து இடிப்பதினும், உள்ளிருந்து பிளப்பது எளிது என்பதை அவ்வரசு அறிந்திருந்தது.

கோயில்களிற் பெரும்பாலானவை ஜீவ சபையார் வசமாயின. அத்தியட்சர் பலரும் அவர்பக்கம் சேர்ந்தனர்; சேராதோர் சிறையிலும் நாடு கடத்தப்பட்ட இடங்களிலும் வாடினர். 1923-ஆம் ஆண்டில் அவர்கள் கூட்டிய சங்கம், திக்கோனின் பதவியையும் துறவுக் கோலத்தையும் களைந்ததாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கொணர்ந்தோரிடம், அது செல்லாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அவ்வசந்த காலத்தில் இரகசியப் போலீசாரின் சிறைக்கும் அவர் கொண்டுசெல்லப்பட்டார். பிரிட்டன் முதலிய வெளிநாடுகளில் கண்டனக் குரல் எழுந்தது. கொல்லவும் துணியாது, குற்றமற்றவர் என விடவும் மனமின்றி நின்ற அரசு, பிழையை ஒப்புக்கொண்டால் விடுவிப்பதாக ஒரு வழி வகுத்தது.

கையொப்பம்

1923-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் திக்கோன் அவ்வறிக்கையிற் கையொப்பமிட்டார். 1918-ஆம் ஆண்டுத் திருமுகமும், பறிமுதலுக்கு எதிராக விடுத்த திருமுகமும் அரசுக்கு மாறான செயல்கள் என ஒப்புக்கொண்டும், இனிச் சோவியத்து அரசுக்குத் தாம் பகைவர் அல்லர் எனக் கூறியும் அஃது அமைந்திருந்தது. அரசின் பத்திரிகை அதனை நாடெங்கும் பரப்பியது. ஜூன் 27-ஆம் நாள் அவர் விடுதலையானார்.

எம் தோழருள் ஒரு சாரார், இது தளர்ச்சியே என்றனர். அவர் திருமுகத்தைப் படித்ததற்காக ஐவர் உயிரிழந்தனரே. அதனை எழுதியவர் பிழை என்று சொன்னால், இறந்தோர் எதற்காக இறந்தனர்? இவ்வினாவை எளிதில் தள்ள இயலாது. திக்கோனும் இதனைத் தள்ளியிருக்கமாட்டார்.

மற்றைச் சாராரோ, பின் நிகழ்ந்ததைப் பார்க்க என்றனர். அவர் வெளிவந்த நாளில் மக்கள் அவரை விட்டு ஓடவில்லை. கூட்டங்கூட்டமாய் அவரை நோக்கி ஓடி வந்தனர். தோன்ஸ்கோய் மடத்தில் அவரிடம் ஆசி பெற நின்றோர் வரிசை நீண்டது. ஜீவ சபையைச் சேர்ந்த குருமார் திரும்பி வந்து, மன்னிப்பு வேண்டினர். கற்றறிந்த பேரத்தியட்சராகிய செர்கியு என்பாரும் அங்ஙனம் வந்து பணிந்து, ஏற்றுக்கொள்ளப் பெற்றார். அரசின் பணமும் பத்திரிகையும் போலீசும் உடைய சபை தேய்ந்தது. ஒன்றும் இல்லாதவர் பக்கம் சபை வளர்ந்தது. அறிக்கையால் திக்கோனின் பெயரைக் கெடுக்கலாம் என்று அரசு எண்ணியது. எளிய மக்களோ, மேய்ப்பர் தம் பெயரை இழந்தும் தம்மிடம் வந்து சேர்ந்தார் என்று உணர்ந்தனர்.

யாம் இருதிறத்தாரையும் கேட்டு ஒருவாறு துணிந்தது இது: அவர் விட்டுக்கொடுத்தது தம் புகழை, விசுவாசப் பிரமாணத்தில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுத்திலர். தம் உயிரைக் காத்துக்கொள்ளுதற்கு அவர் அதனைச் செய்தார் என்பதற்கு, விடுதலைக்குப் பின் அவர் வாழ்ந்த வாழ்வே மறுப்பாகும். ஆயினும் இவ்வெல்லையை எங்கே வரைவது என்பது கடினமே. இதே செர்கியு 1927-இல் அரசுக்கு விசுவாசம் அறிவித்து விடுத்த அறிக்கை, திக்கோனின் எல்லையையும் கடந்தது என்று சிறையிலிருந்த அத்தியட்சர் பலர் வருந்தினர். வளைதல் எது, முறிதல் எது என்பதை வெளியில் நிற்போர் எளிதிற் சொல்லிவிடலாம். உள்ளே நின்றோர்க்கே அதன் பாரம் தெரியும்.

இறுதி நாட்கள்

விடுதலைக்குப் பின்னும் அவர்க்கு ஓய்வில்லை. போலீசு அலுவலர் அடிக்கடி வந்து, புதுப்புது நிபந்தனைகளை நெருக்கினர். புதிய பஞ்சாங்கத்தைத் திருச்சபையிற் புகுத்த 1923-இல் அவர் ஒருமுறை இசைந்தார். மக்கள் ஏலாமை கண்டு அதனை மீட்டுக்கொண்டார். ஜீவ சபைத் தலைவர் ஒருவரை ஆட்சிக் குழுவில் சேர்க்க இசைந்து, அதனையும் கைவிட்டார். தவறு எனத் தெரிந்ததைத் திரும்பப் பெற அவர் நாணவில்லை. 1924-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், அவர் வாழ்ந்த அறைகளிலேயே, நெடுநாள் ஊழியராகிய யாக்கோபு பலோசோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனைப் போல் வளர்ந்தவரை இழந்த துயரும் இதய நோயும் சேர்ந்து அவரை மருத்துவச்சாலையிற் கிடத்தின.

1925-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், கீழைத் திருச்சபையார் மங்கள வார்த்தைத் திருநாள் கொண்டாடிய அன்று நள்ளிரவுக்குச் சற்று முன்னர், அறுபதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். குருத்தோலை ஞாயிறாகிய ஏப்ரல் 12-ஆம் நாள், தோன்ஸ்கோய் மடத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மடத்தின் வெளியும் வீதிகளும் மக்கள் வெள்ளமாயின. அவர் இறந்த பின்னர் அரசின் பத்திரிகை, அவரது இறுதி உயில் என ஒன்றை அச்சிட்டது. அது முழுதும் அவர் வாக்குத்தானா என்று ஆராய்ச்சியாளர் இன்றும் வாதிடுகின்றனர். இறந்தவரின் பெயரையும் அவ்வரசு விட்டபாடில்லை.

அவர் பின் நேர்ந்தவை

திருவுளச் சீட்டில் எழுதிய மூவர் முடிவையும் நினைவுகூர்தல் தகும். அந்தோணி நாடு நீங்கி, அயல் நாட்டில் இறந்தார். அர்சேனி நாடு கடத்தப்பட்டு, 1936-இல் தாஷ்கெண்டு நகரத்தில் மறைந்தார். திக்கோனுக்குப் பின் அவர் இடத்தைக் காத்த பேதுரு என்னும் பேரத்தியட்சர், 1925-இன் இறுதியிற் சிறைப்பட்டு, 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிதாப்பிதாவின் பீடம் பதினெட்டாண்டு வெறுமையாய்க் கிடந்தது. 1929-ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகளுக்கு உதவுதலையும் சிறுவரைக் கூட்டி வேதம் பயிற்றுதலையும் சபைகளுக்குத் தடை செய்தது. 1939-ஆம் ஆண்டில் அப்பெருநாட்டில் தம் பணியில் எஞ்சியிருந்த அத்தியட்சர் நால்வரே. இசுலாமியரும் யூதரும் பௌத்தரும் தத்தம் குருமாரையும் தொழுகையிடங்களையும் அங்ஙனமே இழந்தனர்.

திருவுளச் சீட்டு எடுத்த பேராலயத்தை 1931-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் வெடி வைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தில் எழுப்பக் கருதிய சோவியத்து மாளிகை எழவேயில்லை. பிற்காலத்தில் அங்கே நீந்துகுளம் ஒன்று அமைந்தது. 1989-ஆம் ஆண்டில் மாஸ்கோத் திருச்சபை திக்கோனைப் பரிசுத்தவான்கள் வரிசையிற் சேர்த்தது. 1991-இல் சோவியத்து அரசு கலைந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் உடலின் எச்சங்கள் தோன்ஸ்கோய் மடத்துக் கோயிலின் தளத்தின் கீழ்க் கண்டெடுக்கப்பட்டன. பேராலயமும் மீண்டும் கட்டப்பெற்று, 2000-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இவ்வெற்றியைக் கண்டு களித்தலோடு நாம் நின்றுவிடுதல் கூடாது. அரசினின்றும் அடியுண்ட திருச்சபை, மீண்டும் அரசின் தோளிற் சாய்ந்து வாழ விரும்பின், திக்கோன் கற்பித்தது வீணாகும். அரசன் அளிக்கும் சிறப்பும் அரசன் இழைக்கும் துன்பமும் இரண்டும் திருச்சபைக்குச் சோதனையே. முன்னையது பின்னையதினும் நயமாக வரும்.

காலைதோறும் நம் கல்லூரி ஆலய மணி ஒலிக்கின்றது. செல்வோர் செல்கின்றோம், உறங்குவோர் உறங்குகின்றோம், நம்மைத் தடுப்பார் ஒருவரும் இலர். தடையின்றிக் கிடைப்பதன் அருமையை அறிதல் அரிது. நம் வாழ்நாளில் நமக்கு வாளோ தீயோ நேராதிருக்கலாம். ஆனால் நம் நற்பெயருக்கும் நம்மை நம்பியிருப்போர் நலத்திற்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள்ளும் வேளை எவர்க்கும் வரும். அவ்வேளையில், அறிவாற் சிறந்த முதல்வரையும் கண்டிப்பிற் சிறந்த முதல்வரையும் விடுத்து, அன்பிற் சிறந்த மூன்றாமவரையே குறித்து வந்த அச்சிறு சீட்டை நாம் நினைவுகூர்வோமாக.